மது அருந்தி வாகனம் செலுத்துவதற்கு எதிரான சட்டத்தைக் கடுமையாக்கக் கோருவது எப்படி?

இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் உயிரிழக்கின்றனர். குடிபோதையில் இருந்த சாரதி ஒருவர் பாதசாரிகள் மீது வாகனத்தை ஏற்றிய செய்தி வெளிவரும்போதெல்லாம் தண்டனையைக் கூட்டுமாறு குரல் எழுகிறது. சில நாட்களில் அது அடங்கியும் விடுகிறது. சட்டத்தின் எந்தப் பகுதியை, எந்த அளவுக்கு மாற்ற வேண்டும் என்று எவரும் எழுத்தில் கேட்காதவரை அந்தக் குரலுக்குப் பதில் சொல்லும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை. கொழும்பில் வாழும் ஒருவர் அத்தகைய கோரிக்கையை எவ்வாறு ஆயத்தம் செய்யலாம், யாரிடம் சேர்ப்பிக்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். சட்டம் கடுமையாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு; அந்தக் கடுமை முதலில் வர வேண்டிய இடங்கள் அனுமதிக்கப்பட்ட மதுசார அளவும் வீதிச் சோதனையும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை, இன்றுள்ள சட்டத்தை அறிந்துகொள்வது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு இக்குற்றத்தைக் கையாள்கிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம், அதாவது 0.08 சதவீதம், என்பதே நம் நாட்டின் எல்லை. பின்னர் வந்த திருத்தத்தின்படி இக்குற்றத்துக்கு 25,000 ரூபாவுக்குக் குறையாத அபராதம் விதிக்கப்படுகிறது. சிறைத் தண்டனையும் சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் அதிகாரமும் சட்டத்தில் உள்ளன. சட்டத்தின் மூலப் பிரதியையும் திருத்தங்களையும் கையில் வைத்துக்கொண்டே எழுதத் தொடங்குங்கள். எந்த ஏற்பாடு சட்டத்தில் உள்ளது, எது அதன் கீழான ஒழுங்குவிதியில் உள்ளது என்பதைப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒழுங்குவிதியை அமைச்சர் வர்த்தமானி மூலம் மாற்றத் தொடங்கலாம், சட்டத்தை மாற்றப் பாராளுமன்றத்தில் திருத்தச் சட்டமூலம் வர வேண்டும் என்பதால், உங்கள் கடிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கும்.

அடுத்து, 0.08 என்ற எண் நடைமுறையில் எதை அனுமதிக்கிறது என்பதை வாசிப்பவர் கண்முன் நிறுத்துங்கள். கொழும்பில் நம்மவர் திருமணங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. மண்டபத்துக்குள் மது இருக்காது; வாகனத் தரிப்பிடத்தில் ஒரு காரின் டிக்கி திறந்திருக்கும், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் கோப்பைகளோடு சித்தப்பா, மாமா, அத்தான் என்று ஐந்தாறு பேர் நிற்பார்கள், பந்தி முடிந்ததும் அவர்களே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் வெள்ளவத்தைக்கோ தெஹிவளைக்கோ புறப்படுவார்கள். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் வெறும் வயிற்றில், 33 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட மதுசாரம் கொண்ட சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தலைக் குறுகிய நேரத்தில் குடித்தால், அவரது இரத்தத்தில் மதுசாரம் ஏறத்தாழ 0.1 சதவீதத்தை எட்டும். அவர் சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிட்டார். அதில் பாதியை மட்டும் குடித்தவர் ஏறத்தாழ 0.05இல் நிற்பார். உணவு, உடல்வாகு, கழிந்த நேரம் ஆகியவற்றால் இக்கணக்கு மாறும் என்றாலும் அதன் பொருள் மாறாது: கவனமும் எதிர்வினையும் மந்தமாகிவிட்ட அந்த மனிதர் கொழும்பில் சட்டப்படி வாகனம் செலுத்தலாம். அதே மனிதர் அதே நிலையில் சென்னையில் பிடிபட்டால் குற்றவாளி, ஏனெனில் இந்தியாவின் எல்லை 100 மில்லிலீற்றருக்கு 30 மில்லிகிராம். சுவீடன் 1990இலேயே 0.02க்கு இறங்கிவிட்டது. பொதுச் சாரதிகளுக்கு 0.05, இளைய மற்றும் புதிய சாரதிகளுக்கு 0.02 என்பதே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. ஆகவே உங்கள் கோரிக்கையின் முதல் வரியில், 0.08ஐ 0.05 ஆகக் குறைக்க வேண்டும், பஸ், பாடசாலை வேன், முச்சக்கரவண்டி, பாரவூர்தி ஆகியவற்றின் சாரதிகளுக்கும் புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றோருக்கும் 0.02க்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்று எண்ணிட்டு எழுதுங்கள்.

எல்லையைக் குறைப்பதோடு கோரிக்கை நின்றுவிடக் கூடாது. ஸ்கொட்லாந்து 2014 டிசம்பரில் 0.08ஐ 0.05 ஆக்கியது, பின்னர் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அதனால் விபத்துகள் குறையவில்லை என்று கண்டது. போதிய சோதனை நடவாமை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமோ 0.05க்கு இறங்கியதோடு நில்லாமல், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தச் சாரதியையும் நிறுத்திச் சுவாசப் பரிசோதனை செய்யும் முறையை 1982 டிசம்பரில் தொடங்கியது. வீதி மரணங்கள் தெளிவாகக் குறைந்தன. இந்த இரண்டு உதாரணங்களையும் அடுத்தடுத்து வையுங்கள், ஏனெனில் எதிர்ப்பவர்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்காட்டி உங்கள் கோரிக்கையைத் தள்ளிவிட முடியும்.

அபராதத்தைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும். 2016 இறுதியில் சில வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபா என்று முன்மொழியப்பட்டபோது தனியார் பஸ்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. விவாதம் முழுவதும் தொகையைப் பற்றியதாகிப் போனது, சோதனை எப்படி நடக்க வேண்டும் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. அபராதம் உயர உயர, வழியிலேயே கைக்குள் எதையோ வைத்து முடித்துக்கொள்ளும் ஆசையும் உயர்கிறது என்பதை இந்நகரில் வாகனம் ஓட்டும் எவரும் அறிவர். பொலிஸார் கொடுக்கும் பலூனைச் சாரதி ஊதியதும் அதன் குழாயில் மஞ்சள் பளிங்குகள் பச்சையாகின்றனவா என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் முறை அந்த ஆசைக்கு இடம் கொடுக்கிறது. அளவையும் நேரத்தையும் அழிக்க முடியாதபடி பதிவு செய்து அச்சிட்டுத் தரும் கருவி அதை அடைக்கிறது. பிடிபடுவது உறுதி என்ற அச்சமே, மண்டபத்து வாசலில் சாவியை மனைவியிடமோ மகளிடமோ கொடுக்க வைக்கும். எனவே, பதிவுசெய்யும் கருவிகள் எல்லாப் போக்குவரத்துப் பொலிஸ் பிரிவுகளுக்கும் வழங்கப்பட வேண்டும் என்பதையும், சந்தேகத்தை நிபந்தனையாக்காமல் சோதிக்கும் அதிகாரம் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்பதையும், குற்றம் மீண்டும் செய்யப்பட்டால் அனுமதிப்பத்திரம் கட்டாயமாக இடைநிறுத்தப்பட வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

காலையிலும் சோதனை நடக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லீரல் மதுசாரத்தை மணிக்கு ஏறத்தாழ 0.015 சதவீதம் என்ற வேகத்தில்தான் அகற்றுகிறது. கோப்பியோ குளிர்ந்த நீரோ அதை விரைவுபடுத்தாது. நள்ளிரவில் 0.15இல் படுக்கைக்குப் போனவர் காலை ஆறு மணிக்கு இன்னும் 0.06 அளவில் இருப்பார், அவர் பாடசாலை வேன் ஓட்டுபவராகவும் இருக்கலாம். எனக்கு இந்த முழுச் சட்டத்திலும் மனதை மிகவும் வருத்தும் இடம் இதுதான்: பிள்ளையை வேனில் ஏற்றிவிடும் தாய்க்கு அந்தச் சாரதியின் முந்தைய இரவைப் பற்றி எதுவும் தெரியாது.

இனி ஆதாரம் திரட்டும் வழி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். எத்தனை பேர் பிடிபட்டனர் என்று மட்டும் கேட்காதீர்கள். கொழும்பில் கடந்த ஆண்டு எத்தனை சுவாசப் பரிசோதனைகள் நடந்தன, எந்த நேரங்களில் நடந்தன, எத்தனை அனுமதிப்பத்திரங்கள் இடைநிறுத்தப்பட்டன என்றும் கேளுங்கள். எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று தெரியாமல் பிடிபட்டோர் தொகை எதையும் நிரூபிக்காது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் அத்திணைக்களத்திலேயே மேல்முறையீடு செய்து, அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம்.

கடிதம் இரண்டு பக்கங்களைத் தாண்டக் கூடாது. கோரிக்கைகள் முதலிலும் ஆதாரங்கள் அடுத்தும் வரட்டும். எதிர்வாதங்களுக்கான பதில் இறுதியில் போதும். மருந்தில் உள்ள மதுசாரத்துக்காக அப்பாவிகள் மாட்டுவர் என்பார்கள். வழக்கமான அளவில் அருந்தும் இருமல் மருந்து ஒருவரை 0.05க்குக் கொண்டுபோகாது. இரவு பஸ் இல்லாதபோது மக்கள் எப்படி வீடு திரும்புவர் என்ற கேள்வி நியாயமானது, அதை எதிர்க்காமல் இரவுநேரப் பஸ் சேவையையும் கோரிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

போக்குவரத்து அமைச்சர், உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள், போக்குவரத்து விடயத்தைப் பார்க்கும் துறைசார் மேற்பார்வைக் குழு ஆகியோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபைக்கும் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைக்கும் பிரதி வையுங்கள். தமிழில் எழுதுவது உங்கள் அரசியலமைப்பு உரிமை. ஆயினும் சிங்கள மொழிபெயர்ப்பொன்றை இணைத்தால் கோப்பு மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்காது. பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், முதற் கடிதத்தின் திகதியையும் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்பி, அதனுடன் பொலிஸ் திணைக்களம் தந்த எண்களையும் இணையுங்கள்.