வாங்காத கடனுக்கு வசூல், தப்பாகத் தூக்கிய வண்டி: என்ன செய்வது?

கடன் உங்களுடையது இல்லை என்று வசூல் ஏஜெண்டிடம் போனில் வாதாடிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது பட்டியல்தான். அதைத் திருத்த அவரால் முடியாது. நிறுவனத்தின் பெயர், லோன் நம்பர், ஏஜென்சியின் அங்கீகாரக் கடிதம் ஆகியவற்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். ‘சரிபார்க்க’ என்று சொல்லி ஓடிபி, ஆதார் கேட்டால் கொடுக்க வேண்டாம். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வரும் அழைப்பு ரிசர்வ் வங்கி விதிக்கு முரணானது. நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

‘ஆயிரம் ரூபாயாவது கட்டுங்க, முடிச்சிடலாம்’ என்பார்கள். கட்டாதீர்கள். கடனை நீங்களே ஒப்புக்கொண்டதற்கு அந்த ரசீதையே சாட்சியாகக் காட்டுவார்கள்.

அடுத்து, கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனத்தில் உங்கள் கடன் அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒன்று இலவசம். கடன் தொடங்கிய தேதி, முகவரி, போன் நம்பர் மூன்றையும் ஒப்பிட்டாலே கோளாறு பெரும்பாலும் பிடிபடும்: பெயர் ஒற்றுமை, பழைய ஆள் விட்டுப்போன மொபைல் நம்பர், கடைசி டியூ கட்டியும் பவுன்ஸ் கட்டணம் (கணக்கில் பணமில்லாமல் டியூ திரும்பியதற்கான அபராதம்) நிலுவையில் நின்று மூடப்படாத கணக்கு. நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அந்தக் கடன் உங்களையும் சேரும்.

தவறு என்று உறுதியானால் கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட் கடிதமும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

வண்டியைத் தூக்க ஆள் வந்துவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள், கைகலப்பிலும் இறங்காதீர்கள். அவர்கள் கொண்டுவரும் பறிமுதல் கடிதத்தில் உள்ள வண்டி எண்ணோடு நிற்காமல், சேசிஸ் எண்ணையும் (வண்டியின் சட்டத்தில் பொறித்த எண்) ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் வீடியோ எடுத்துவிட்டு 112-க்கு அழையுங்கள்.

தூக்கிப் போய்விட்டார்களா? அன்றே காவல் நிலையத்துக்குப் போங்கள். பறிமுதல் பற்றி ஃபைனான்ஸ்காரர் அங்கே முன்கூட்டியே தகவல் கொடுத்திருக்கலாம். அதனால் போலீசார் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அந்தத் தகவல் கடிதத்தைக் காட்டச் சொல்லி, எண் எங்கே பொருந்தவில்லை என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதே நாளில் ஆர்சி, என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற சான்று), டியூ கழிந்த வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இணைத்து, ‘வண்டியை விற்கக் கூடாது’ என்று நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஏலத்துக்குப் போய்விட்டால் மீட்பது பெரும்பாடு. அசைந்து கொடுக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள்.

தூக்கிய வண்டிகளை நிறுத்தும் யார்டில் உங்கள் வண்டியைத் திரும்ப எடுக்கும்போது கிலோமீட்டர் ரீடிங், டயர், பேட்டரி, உள்ளே இருந்த பொருட்கள் எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகே கையெழுத்து. நீட்டும் தாளில் ‘விருப்பத்துடன் ஒப்படைத்தேன்’ என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டுப் போடுங்கள். அடிக்க விடவில்லை என்றால் போடவே வேண்டாம்.