சாப்ளினைத் தடதடவென்று ஓடவிடாதீர்கள்: மௌனப்பட நாயகரைப் படமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழ்க்கை வரலாற்றுப் படம் எடுக்கக் கிளம்பும் புதியவர்களுக்கு மௌனப்பட நகைச்சுவை நாயகர்களான சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. திரைக்கதைப் பட்டறைக்கு அப்படிப்பட்ட கதைகள் நிறைய வருகின்றன. எல்லாரும் விழுவது, எங்கள் தலைமுறை விழுந்து எழுந்த அதே குழிகளில்தான். தொப்பி அந்தக் காலத்துத் தொப்பியா, கார் அந்த வருடத்துக் காரா என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். அதைக் கலை இயக்குநர் பார்த்துக்கொள்வார்.

எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வழக்கம்போல நடிக்கவைத்து, நொடிக்கு 24 பிரேமில் (அதாவது 24 தனித்தனிப் படங்களாக) எடுத்து, எடிட்டிங்கில் ஒன்றரை மடங்கு வேகமாக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, மேலே நாலு கீறல் போட்டால் மௌனப்படம் தயார் என்று நினைக்கிறார்கள். வருவது கொசுவர்த்தி விளம்பரம் மாதிரி ஒன்று.

அன்றைய கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 பிரேம் ஓடும். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16. தியேட்டரில் ஆபரேட்டரும் படத்துக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். ஒலி வந்தபிறகுதான் 24 நிலையானது. 16-ல் எடுத்ததை அப்படியே 24-ல் ஓட்டினால் ஒரு நிமிடக் காட்சி 40 நொடியில் முடிந்துவிடும். டிவியில் பழைய படங்களில் நாம் பார்த்த தடதடப்பில் பெரும்பங்கு இந்தக் கணக்குப் பிசகுதான்.

மீதி, தெரிந்தே செய்தது. திரையில் ஆட்டம் துள்ளவேண்டும் என்பதற்காக நகைச்சுவைப் படக்காரர்கள் கேமராவை மெதுவாகச் சுற்றச் சொல்வார்கள். பேசும்படம் வேரூன்றிவிட்ட 1936-ல் வெளியான 'மாடர்ன் டைம்ஸ்' படத்திலும் சாப்ளின் 18 பிரேமில் எடுத்து 24-ல் ஓட்டும் வேலையைச் செய்திருக்கிறார். அதாவது நடிக்கும்போதே அந்த வேகம் அவர் கணக்கில் இருக்கிறது. விழுவதற்கு முன் ஒரு கணம் நின்று பார்ப்பாரே, அந்த நிறுத்தம் திரையில் சுருங்கிய பிறகும் கண்ணில் தங்க வேண்டுமென்றால், எடுக்கும்போது அதற்கேற்பக் கூடுதலாக நின்றாக வேண்டும். எடிட்டிங்கில் வேகத்தைக் கூட்டினால் நடையோடு நிறுத்தமும் காணாமல் போகும். சிரிப்பு அந்த நிறுத்தத்தில்தான் இருந்தது.

ஒரு குழு சொந்தக் காசில் பழைய ஸ்டுடியோ மாதிரி செட் போட்டது. நடித்த பையன் அருமையாக ஆடினான், நானே பார்த்தேன். எடிட்டிங்கில் வேகமாக்கினார்கள், அவன் வழுக்கியது தெரிகிறது, ஏன் வழுக்கினான் என்று தெரியவில்லை. அதற்குள் செட்டைப் பிரித்தாகிவிட்டது, மறுபடி போடப் பணமில்லை. அந்தக் காட்சி இல்லாமலே படம் முடிந்தது. தயவுசெய்து படப்பிடிப்புக்கு முன்பே 18, 20, 22 பிரேமில் சோதனை எடுத்து, 24-ல் ஓட்டி நடிகருக்குக் காட்டுங்கள். அவர் உடம்பு பழகட்டும்.

இதன் இன்னொரு வடிவம், நாயகரின் சொந்த வாழ்க்கையையே வேகமாக ஓட்டுவது. 1992-ல் ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த 'சாப்ளின்' படத்தில்கூட இது உண்டு. 1920-ல், முதல் மனைவி மில்ட்ரெட் ஹாரிஸுடனான விவாகரத்து வழக்கில் 'தி கிட்' படத்தின் நெகட்டிவ் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து, சாப்ளின் அதைத் தூக்கிக்கொண்டு சால்ட் லேக் சிட்டிக்குப் போய் ஹோட்டல் அறையில் எடிட் செய்தார். அட்டன்பரோ அதைத் துரத்தல் காமெடியாக்கிவிட்டார். ராபர்ட் டவுனி ஜூனியர் ஆஸ்கர் பரிந்துரை வரை போன நடிப்பைத் தந்த படம். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அந்த இடத்தில் ஒரு மனிதரின் பயம் வீணாகிப் போயிற்று.

செட்டில் அமைதி

படத்துக்குத்தான் ஒலி கிடையாது. செட்டில் கேமரா கடகடக்கும், இயக்குநர் கத்திக்கொண்டே இருப்பார், பக்கத்து செட்டில் ஆணி அடிப்பார்கள், நடிகருக்கு உணர்வு வர வயலின் வாசிப்பதும் உண்டு. ஒலி வடிவமைப்பாளருக்கு விருந்து. விட்டுவிடாதீர்கள்.

தொப்பி தானாக வந்தது

அட்டன்பரோ படத்தில், ஆடை அறையில் தொப்பியும் கைத்தடியும் தன்னை அழைத்ததாக முதிய சாப்ளின் கதை விடுவார். புத்தக எடிட்டராக வரும் ஆந்தனி ஹாப்கின்ஸ் (கற்பனைப் பாத்திரம்) அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். நம் ஆட்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு ஹாப்கின்ஸை விட்டுவிடுகிறார்கள்.

வேலையைக் காட்டுங்கள். 'சிட்டி லைட்ஸ்' படத்தில் பார்வையற்ற பூக்காரப் பெண், சாப்ளின் நடித்த நாடோடியைப் பணக்காரன் என்று நம்ப வேண்டும். எப்படி? கார்க் கதவு சாத்தும் ஓசை. மௌனப்படத்தில் ஓர் ஓசை! அந்த விடை கிடைப்பதற்குள் டேக் மேல் டேக் போனது. பூக்காரியாக நடித்தவரை சாப்ளின் நீக்கிவிட்டு மறுபடி அழைத்தார். படம் 1931-ல்தான் வெளிவந்தது. இதற்கு மேல் என்ன நாடகம் வேண்டும்?

மனைவிகளைக் கலந்துகட்டுவது

1957-ல் வந்த 'தி பஸ்டர் கீட்டன் ஸ்டோரி', அவருடைய மூன்று திருமணங்களையும் தூக்கிப்போட்டுவிட்டுக் கற்பனைப் பெண்களைக் கொண்டுவந்தது. கீட்டன் உயிரோடு இருந்தபோதே, அவரையே ஆலோசகராக வைத்துக்கொண்டு!

உள்ளே அழும் கோமாளி

வேண்டாம்.

தொட்டில் முதல் கல்லறை வரை

சாப்ளின் பிறந்தது 1889, இறந்தது 1977. இரண்டரை மணி நேரத்தில் அடக்கப் பார்த்தால் ஒவ்வொரு திருமணத்துக்கும் சில நிமிடங்கள்தான் மிஞ்சும். லாரல், ஹார்டி என்ற நகைச்சுவை ஜோடி பற்றிய 'ஸ்டான் அண்ட் ஆலி' (2018) பெரும்பாலும் 1953-ம் ஆண்டு பிரிட்டன் மேடைப் பயணத்தோடு நின்றுகொண்டது. அப்புறம் அந்த இரண்டு பேருக்கும் பேசிச் சண்டை போட நேரம் கிடைத்தது.