மசாய் மாராவில் எங்கே தங்குவது? முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போக முடிவு செய்து, இணையத்தில் தங்குமிடம் தேட உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தலை சுற்றும். எல்லாப் பக்கத்திலும் அதே படங்கள்தான்: வெள்ளைக் கொசுவலை போட்ட கட்டில், மர வராந்தாவில் இரண்டு நாற்காலி, பின்னால் ஆரஞ்சு வானம். விலை மட்டும் ஓர் இரவுக்கு 80 டாலரில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் முதலில் படங்களை மூடி வையுங்கள். மாரா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்கக் காலை ஆறரையை ஒட்டித்தான் சூரியன் எழும். சிங்கமும் சிவிங்கிப்புலியும் சுறுசுறுப்பாக இருப்பது அப்போதிலிருந்து ஒன்பது மணி வரைதான். பிறகு வெயில் ஏறி, அவை புதருக்குள் படுத்துவிடும். அந்த இரண்டரை மணி நேரம் உங்கள் வண்டி எங்கே இருக்கும் என்பதுதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் விஷயம். கட்டில் அதற்கு அடுத்தது.

படி 1: வரைபடத்தில் நான்கு இடங்களைக் குறியுங்கள்

கூகுள் மேப்பைத் திறந்து, செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றி, மசாய் மாரா தேசிய வனக்காப்பகத்தைத் தேடுங்கள். பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே அது தான்சானியாவின் செரெங்கெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் வேலி கிடையாது. வடக்கிலிருந்து இறங்கி ஓடுகிற மாரா ஆறு காப்பகத்தை இரண்டாகப் பிரிக்கிறது.

ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பெரிய பகுதியை நாரோக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் நடத்துகிறது. நைரோபியிலிருந்து சாலை வழியாக வருகிற பெரும்பாலானோர் செகெனானி வாயிலில் வந்து சேர்வது இந்தப் பக்கம்தான். தாலெக், ஓலோலைமுத்தியா வாயில்களும் இங்கேதான். மேற்கே உள்ள சிறிய பகுதிக்கு மாரா ட்ரையாங்கிள் என்று பெயர். கவுண்டியின் சார்பில் 2001-லிருந்து மாரா கன்சர்வன்சி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை நிர்வகிக்கிறது. பாதைகள் நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் நைரோபியிலிருந்து சாலையில் வர நேரம் கூடுதலாகும்.

மூன்றாவது, காப்பகத்தின் வடக்கிலும் கிழக்கிலும் சுற்றி இருக்கும் கன்சர்வன்சிகள், அதாவது மசாய் குடும்பங்களின் நிலத்தில் இருக்கும் தனிக் காப்பகங்கள்: மாரா நார்த், ஓலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ, ஓல் கின்யெய் போன்றவை. நான்காவது, வாயில்களுக்கு வெளியே ஊரை ஒட்டிய பகுதி. மலிவான கேம்புகள் (கூடாரத் தங்குமிடங்கள்) நிறைய இருப்பது செகெனானி, தாலெக், ஓலோலைமுத்தியா ஊர்களைச் சுற்றித்தான்.

இனி எந்தத் தங்குமிடத்தின் பெயர் கண்ணில் பட்டாலும் முதல் வேலை, அது இந்த நான்கில் எதில் விழுகிறது என்று பார்ப்பது. பெயரில் 'மாரா' இருப்பதை நம்பாதீர்கள். வாயிலிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கும் இடமும் பெயரில் மாராவை ஒட்டிக்கொள்ளும்.

படி 2: உள்ளேயா, வெளியேயா, கன்சர்வன்சியா?

காப்பகத்துக்கு உள்ளே தங்கினால் விடியும்போதே நீங்கள் புல்வெளியில் இருப்பீர்கள். கிழக்குப் பக்கத்தில் கீகோரோக் லாட்ஜ், சரோவா மாரா, வடக்கே முசியாரா சதுப்புநிலத்தை ஒட்டிய கவர்னர்ஸ் கேம்ப், ட்ரையாங்கிளில் குன்றின் மேல் இருக்கும் மாரா செரீனா ஆகியவை இந்த வகை. பரிந்துரையாகச் சொல்லவில்லை, வரைபடத்தில் இவற்றைக் கண்டுபிடித்தால் மற்ற இடங்களை ஒப்பிடச் சுலபம்.

வெளியே தங்கினால் செலவு கணிசமாகக் குறையும். ஆனால் வாயிலுக்குப் பத்து நிமிடத்துக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும்; அங்கே டிக்கெட் சரிபார்க்கும் வரிசை இருக்கும். ஆகஸ்டில் அந்த வரிசை நீளும். செகெனானியிலிருந்து ஆற்றங்கரைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வைல்ட்பீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான்) கூட்டம் ஆறு கடப்பதைப் பார்ப்பதுதான் குறிக்கோள் என்றால், கிழக்கு வாயிலுக்கு வெளியே தங்குவது தினமும் பாதி நாளைச் சாலையில் கழிப்பதாகிவிடும்.

கன்சர்வன்சி வேறு மாதிரி. அந்த நிலம் மசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து வாடகைக்கு விடுகிறார்கள். கேம்புகள் செலுத்தும் வாடகை மாதாமாதம் அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது. பதிலுக்குக் கூடாரங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு. நபோய்ஷோவில் 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம், ஓலாரே மோட்டோரோகியில் 700 ஏக்கருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே தங்குகிறவர்களைத் தவிர வேறு வண்டிகள் வருவதில்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. காப்பகத்துக்குள் அனுமதி இல்லாத இரவுச் சவாரியும் (வண்டியில் விலங்கு பார்க்கப் போவதைத்தான் சவாரி என்கிறேன்), வழிகாட்டியோடு நடந்து போவதும் இங்கே உண்டு. காப்பகத்துக்குள் ஒரு சிறுத்தை தென்பட்டால் இருபது வண்டி சூழ்ந்துகொள்ளும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, கன்சர்வன்சி ஏன் அவ்வளவு விலை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

குறை என்னவென்றால், புகழ்பெற்ற ஆறு கடக்கும் இடங்கள் பெரும்பாலும் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கே போக வேண்டுமானால் காப்பகக் கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும்.

என் கருத்து: நான்கு இரவு இருந்தால் இரண்டு கன்சர்வன்சியில், இரண்டு காப்பகத்துக்குள். இரண்டே இரவு என்றால் பிரிக்காமல் ஒரே இடம், அதுவும் உள்ளே.

படி 3: அறை வாடகையோடு நுழைவுக் கட்டணத்தையும் கூட்டுங்கள்

முதல்முறை போகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். 2024-லிருந்து வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரம் செல்லும். உள்ளே தங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம்.

ஆகஸ்டில் இரண்டு பேர், மூன்று இரவு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தங்கி, நான்காம் நாள் பத்து மணிக்குள் கிளம்பினால் தலைக்கு மூன்று நாள் கட்டணம். மொத்தம் 1,200 டாலர். வெளியே தங்கினால், வந்து சேரும் நாள் மதியம் மூன்று மணிக்கு உள்ளே போய் மூன்று மணி நேரம் சுற்றுவதற்கும் முழு 200 டாலர்தான். அந்தச் சவாரியை விட்டுவிட்டு நடுவில் இரண்டு முழு நாள் மட்டும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், 800 டாலரில் முடியும். அதே பயணத்தை பிப்ரவரியில் வைத்தால் இரண்டு தொகையும் பாதி.

வெளியே ஓர் இரவுக்கு 90 டாலர், உள்ளே 250 டாலர் என்று பார்த்துத் திகைக்கிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்ட பிறகு முடிவெடுங்கள். ஜூலையிலிருந்து எப்படியும் பெரிய தொகை நுழைவுக்கே போவதால், வாடகையில் மிச்சம் பிடித்து விடியற்காலையை இழப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜூன் மாதத்துக்குள் போகிறவர்களுக்கு இந்த வாதம் அவ்வளவு பொருந்தாது.

கன்சர்வன்சிக் கட்டணம் வாடகைக்குள் அடங்கியதா, தனியா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 4: மாதம்

வைல்ட்பீஸ்ட் கூட்டம் மாராவில் இருப்பது ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை. அந்தக் காலத்துக்கு நல்ல இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எதுவும் எங்கும் போய்விடாது. முதல் சஃபாரிக்கு நான் சொல்வது இந்த மாதங்களைத்தான்.

ஏப்ரல், மே பெருமழைக் காலம். விலை சரியும், சில கேம்புகள் மூடியே இருக்கும். கரிசல் மண் நனைந்தால் வண்டி புதையும். ஆற்றங்கரைக் கூடாரங்களை அந்த மாதங்களில் தவிர்ப்பது நல்லது. 2024 மே தொடக்கத்தில் தாலெக் ஆறு கரைபுரண்டு, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கேம்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

படி 5: லாட்ஜா, கூடாரமா?

லாட்ஜ் என்றால் சிமெண்ட் சுவர், நீச்சல் குளம், பஃபே சாப்பாடு, பெரும்பாலும் சுற்றி மின்வேலி. கேம்ப் என்றால் கான்வாஸ் கூடாரம். ஆனால் தரையில் படுக்கை விரித்துத் தூங்குவது என்று பயப்பட வேண்டாம். சாதாரண கேம்பில்கூடக் கட்டில், உள்ளேயே கழிவறை, ஷவர் எல்லாம் இருக்கும். சில கேம்புகளில் ஷவர் வாளி முறையில் வேலை செய்யும்: நீங்கள் சொல்லும் நேரத்துக்குப் பணியாளர் வெந்நீரைக் கொண்டுவந்து மேலே உள்ள தொட்டியில் ஊற்றுவார்.

சின்ன கேம்புகள் பலவற்றுக்கு வேலி இல்லை. நீர்யானையும் யானையும் கூடாரத்துக்குப் பக்கத்தில் மேயும். இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவும் திரும்பவும் காவலர் கூடவே வருவார்; அவரை அங்கே அஸ்காரி என்பார்கள். இரவில் தனியாக வெளியே வரக் கூடாது. வயதான பெற்றோரோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் லாட்ஜ்தான் நிம்மதி. ஐந்தாறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளாத கேம்புகளும் உண்டு.

மாரா 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்கா என்றதும் ஏசி இருக்கிறதா என்று தேடாதீர்கள்; கேட்க வேண்டியது போர்வையைப் பற்றி. நல்ல கேம்புகளில் இரவு படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருப்பார்கள்.

படி 6: வண்டி யாருடையது?

விலைப்பட்டியலில் இரண்டு வகை இருக்கும். ஃபுல் போர்டு என்றால் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் மட்டும். கேம் பேக்கேஜ் என்றால் கேம்பின் வண்டியில் தினமும் இரண்டு சவாரியும் சேர்த்து. நைரோபியிலிருந்து சஃபாரி நிறுவனத்தின் வண்டியில், சாலையில் ஐந்தாறு மணி நேரம் பயணித்து வருகிறவர்களுக்கு ஃபுல் போர்டு போதும். அதே ஓட்டுநர்தான் உங்களைக் காட்டுக்குள்ளும் கூட்டிப்போவார். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு வண்டியே இருக்காது. அவர்கள் ஃபுல் போர்டு எடுத்தால், அங்கே போய்த் தனியாக வண்டி வாடகை கட்ட வேண்டியிருக்கும். மலிவாகத் தெரியும் பல விலைகளின் ரகசியம் இதுதான்.

சாலை வழி வருகிறவர்கள், கூரை தூக்கும் வேனா, லேண்ட் க்ரூசரா என்று கேளுங்கள். மழை மாதமென்றால் லேண்ட் க்ரூசருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். விமானம் என்றால் எந்த ஓடுதளம் என்பது முக்கியம்: கீகோரோக், ஓல் கியோம்போ, முசியாரா, மாரா செரீனா என்று பல இருக்கின்றன. கேம்புக்குப் பக்கத்தில் உள்ளதற்கே டிக்கெட் எடுங்கள்.

படி 7: சாப்பாடு

கென்யாவில் இந்திய வம்சாவளியினர் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சப்பாத்தி அங்கே வீட்டுச் சாப்பாடு. ஆகவே சைவத்துக்குப் பெரிய லாட்ஜ்களில் பஞ்சமில்லை. சின்ன கேம்பில் சமையல்காரர் ஒருவர்தான் இருப்பார். முட்டை, மீன் எது ஆகும், எது ஆகாது என்று முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள்.

படி 8: மூன்று பெயர்களாகக் குறைத்து, கடிதம் எழுதுங்கள்

இப்போது விமர்சனங்களைப் படிக்கலாம். நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டாம். விமர்சனங்களுக்குள் தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் கேட், ஜெனரேட்டர், ஹாட் வாட்டர் என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதப்பட்டவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பிறகு மூன்று இடங்களுக்கும் ஒரே கடிதம். வாயிலுக்கு வண்டியில் எத்தனை நிமிடம்? காலைச் சவாரி எத்தனை மணிக்குக் கிளம்பும்? ஒரு வண்டியில் எத்தனை பேர், எல்லாருக்கும் ஜன்னல் இருக்கையா? எந்த நேரத்தில் மின்சாரம் இருக்கும், கேமரா பேட்டரியைக் கூடாரத்திலேயே சார்ஜ் செய்யலாமா? வாடகையில் எந்தெந்தக் கட்டணம் அடங்கவில்லை? ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும்? முதல் கேள்விக்கு எண்ணைச் சொல்லாமல் "அருகில்தான்" என்று பதில் வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

முன்பணம் கட்டி உறுதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் கென்யாவின் இணையவழிப் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இந்த முறைதான், தங்குமிட முன்பதிவைக் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்பு, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது அது இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். சிறு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. சக்கரப் பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப் பையாக எடுங்கள். துணிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அடுக்காதீர்கள்: கென்யாவில் 2017-லிருந்து அதற்குத் தடை.