கடலோர மணலில் செப்டிக் டேங்க் கட்டப் போகிறீர்களா?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் கொத்தனார் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "நாலு உறைய இறக்கி மூடி போட்டுடலாம், மணல்தானே, தண்ணி தானா உறிஞ்சிரும்." உறிஞ்சத்தான் செய்யும், ஆனால் எங்கே போகும்? நம் கரையில் உப்புத் தண்ணீருக்கு மேலே மழைத் தண்ணீர் மெல்லிசாக மிதந்து நிற்கிறது, அதைத்தான் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் எடுக்கிறோம், அடி பூசாத உறைக்குழியும் அதிலேயேதான் கலக்கிறது.

அதனால் முதலில் நீர்மட்டம். சித்திரையில் காய்ந்த குழியைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். குழியின் அடிக்கும் அந்த மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டர் இருந்தால் இரட்டைக் குழிக் கழிப்பறை (ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்கு மாற்றுவது) பற்றி யோசிக்கலாம். கடலை ஒட்டிய இடத்தில் அது கிடைப்பது அபூர்வம், ஆகவே அடியும் சுவரும் பூசிய, கசியாத தொட்டிதான் வழி.

ஐந்து பேர் வீட்டுக்கு உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர், அதற்கு மேல் 30 செ.மீ. காலியிடம், ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதியின் கணக்கு இது. பெரிதாக வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டுங்கள், ஆழம் வேண்டாம். அடிக் கான்கிரீட்டைச் சுவருக்கு வெளியே ஒரு அடி நீட்டிப் போடச் சொல்லுங்கள், அதன்மேல் விழும் மணலின் எடைதான் தொட்டியை அழுத்திப் பிடிக்கும். இல்லையென்றால் மழைக்காலத்தில் காலித் தொட்டி வள்ளம் மாதிரி மேலே கிளம்பிவிடும், பைப் எல்லாம் முறியும். கலவைக்குக் கடல் மணலும் உவர்த்தண்ணீரும் கூடவே கூடாது, மூடியின் கம்பி துருப்பிடித்து ஒருநாள் யாராவது உள்ளே விழுவார்கள்.

உள்ளே வரும் பைப், வெளியே போகும் பைப் இரண்டிலும் 'டி' (T வடிவ இணைப்பு) மாட்டுங்கள், அப்போதுதான் மேலே மிதக்கும் ஏடும் கீழே தங்கும் கசடும் நின்றுகொள்ள, நடுத் தண்ணீர் மட்டும் வெளியேறும். காற்றுக்குழாய் வாயில் கொசுவலை. குளியல் தண்ணீரைத் தென்னைக்கு விட்டுவிடுங்கள்.

வெளியேறும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி அப்படியேதான் இருக்கும். அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்காமல், மேடாக்கிய மணல் பாத்தியில் விட்டுக் கல்வாழையோ வாழையோ வையுங்கள், ஊற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி, முடிந்தால் கடல் பக்கமாக. பாத்தி மேடென்றால், தண்ணீர் தானாக ஓடிவரக் கக்கூஸ் தரையையும் இரண்டு மூன்று அடி உயர்த்தியாக வேண்டும், செலவுதான், வேறு வழியில்லை.

அப்புறம் கசடு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், 14420 என்ற உதவித் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். எங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்று கேளுங்கள், கண்மாய், ஓடை என்றால் அனுப்பிவிடுங்கள். ஆளை உள்ளே இறக்கவே வேண்டாம், விஷவாயு நிமிடத்தில் கொல்லும், பாதுகாப்பில்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். இந்த வேலையை ஆனி ஆடியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். எப்போது எடுத்தாலும் அன்றைக்கே தண்ணீர் நிரப்பிவிட்டு மூடியைப் பூசி அடைத்துவிடுங்கள்.