தவளைக்காகப் போய் சலமாங்காவைத் தவறவிடாதீர்கள்

ஸ்பெயினின் சலமாங்கா நகரில் எந்த நேரம் போனாலும் பல்கலைக்கழக முகப்பின் எதிரே ஒரு கூட்டம் அண்ணாந்து நிற்கும். தேடுவது ஒரு தவளையை. வலப்பக்கத் தூணில் செதுக்கிய மண்டையோடுகளில் ஒன்றின் உச்சியில் அது உட்கார்ந்திருக்கிறது. யாரும் காட்டிக்கொடுக்காமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவன் தேர்வில் தேறிவிடுவான் என்பது ஊர் நம்பிக்கை. கண்டுபிடித்தவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தவளையைப் பார்ப்பதில் தப்பில்லை, தவளையை மட்டும் பார்ப்பதுதான் தப்பு என்று அங்கே ரெக்டராக, அதாவது பல்கலைக்கழகத் தலைவராக, இருந்த எழுத்தாளர் மிகேல் தே உனமுனோ சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, இந்த ஊருக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு அதுதான்.

தவளையை விட்டுவிட்டு முகப்பின் நடுவே பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் அரசி இசபெல்லும் அரசர் பெர்னாந்தோவும் சேர்ந்து ஒரே செங்கோலைப் பிடித்திருக்கிறார்கள். சுற்றிலும் உள்ள கிரேக்க எழுத்து, அரசர்கள் பல்கலைக்கழகத்துக்கு, பல்கலைக்கழகம் அரசர்களுக்கு என்கிறது. அதற்கு மேலே பேரரசர் ஐந்தாம் சார்லஸின் இரட்டைத்தலைக் கழுகு, உச்சியில் போப்பாண்டவர். படிப்பு யார் தயவில் நடந்தது என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

வழிகாட்டிகள் சிலர் இதை உலகிலேயே பழைய பல்கலைக்கழகம் என்று அளந்துவிடுவதுண்டு. நம்ப வேண்டாம். போலோன்யாவும் ஆக்ஸ்போர்டும் இதற்கு மூத்தவை. லெயோன் அரசர் ஒன்பதாம் அல்போன்சோ 1218-இல் தொடங்கிய இது, இன்றும் இயங்கும் ஸ்பானியப் பல்கலைக்கழகங்களில் மூத்தது. அந்தப் பெருமையே போதும்.

கதையையும் வரலாற்றையும் குழப்பிக்கொள்வது அடுத்த தவறு. உள்ளே கரடுமுரடான மரப்பலகை இருக்கைகளோடு ஒரு பழைய வகுப்பறை இருக்கிறது. கவிஞரும் துறவியுமான லூயிஸ் தே லெயோன் பாடம் நடத்தியது அங்கேதான். வேதாகமத்தின் எபிரேய மூலத்தை உயர்த்திப் பேசியது, அதிலுள்ள உன்னதப்பாட்டை ஸ்பானிய மொழியில் பெயர்த்தது போன்ற குற்றச்சாட்டுகளில் 1572-இல் மதவிசாரணை மன்றம் அவரைச் சிறையில் அடைத்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுக்குப் பின் திரும்பியவர், “நேற்று சொல்லிக்கொண்டிருந்தோமே” என்று பாடத்தைத் தொடர்ந்தார் என்பார்கள். கேட்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது. ஆனால் சிறைவாசம்தான் வரலாறு, அந்த வாசகம் பெரும்பாலும் பின்னால் வந்த கதை. உனமுனோ விஷயமும் இப்படித்தான். 1936 அக்டோபர் 12-இல் பல்கலைக்கழக மண்டபத்தில், உள்நாட்டுப் போரில் பிராங்கோ பக்கம் நின்ற தளபதி மில்யான் அஸ்திராயை அவர் எதிர்த்துப் பேசியதும், அதனால் ரெக்டர் பதவி போனதும், அந்த ஆண்டின் கடைசி நாளில் இறந்ததும் உண்மை. அவர் பேசியதாக எங்கும் மேற்கோள் காட்டப்படும் அந்த நீண்ட உரையை, அன்று மண்டபத்தில் இல்லாத ஒருவர் 1941-இல் எழுதினார்.

சுவர்களில் செந்நிறத்தில் தெரியும் எழுத்துகளை யாரோ கிறுக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். அவை ‘வீக்தோர்’ முத்திரைகள். முனைவர் பட்டம் பெற்றவர்கள் காளையின் ரத்தம் கலந்த சாயத்தில் தம் பெயரை எழுதிய வழக்கம் அது.

பேராலயத்தில் எதிர்மாறான குழப்பம். வாசலில் செதுக்கியிருக்கும் விண்வெளி வீரரைப் பார்த்துவிட்டு, பழங்காலத்தவர் எதிர்காலத்தைக் கண்டுவிட்டார்கள் என்று இணையத்தில் கதை கட்டுகிறார்கள். 1992-இல் அந்த வாசலைப் புதுப்பித்தபோது, தம் காலத்தின் அடையாளமாகச் சிற்பி செதுக்கியது அது. வீரரோடு படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள், புதிய பேராலயத்தின் பக்கத்தில் ஒட்டியபடி 12-ஆம் நூற்றாண்டுப் பழைய பேராலயமும் நிற்பதைக் கவனிப்பதில்லை. புதியதற்குள் நுழைந்துதான் பழையதற்குப் போக வேண்டும். அங்கே உள்ள சாந்தா பார்பரா சிற்றாலயத்தில், பட்டத் தேர்வுக்கு முந்தின இரவை அந்தக் காலத்தில் மாணவன் தனியாகக் கழிக்க வேண்டியிருந்தது. ஒரு ஆயரின் கல்லறையில் காலை நீட்டியபடி படிப்பானாம். மறுநாள் தேறினால் பெரிய வாசல் வழியே ஊர்வலம். தோற்றால் வண்டிகள் போகும் பக்கவாசல் வழியே வெளியேற்றம்.

இனி நேரக்கணக்கு. மாட்ரிட்டின் சமார்த்தின் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் பலர் காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். (தவறுதலாக மாட்ரிட்டின் இன்னொரு நிலையமான அதோச்சாவில் போய் நிற்பவர்களும் உண்டு.) இந்த ஊர், பக்கத்து ஊரான வியாமயோரின் மணற்கல்லால் ஆனது. வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும் அந்தக் கல், காற்றுப்பட்டு இறுகிப் பொன்னிறம் ஏறும். சாயங்கால வெயிலில்தான் அந்த நிறத்தின் அருமை தெரியும். 1729-க்கும் 1755-க்கும் இடையில் கட்டிய பிளாசா மயோர் சதுக்கத்தில் இருட்டியதும் விளக்கு எரியும்போது ஊரே கூடுகிறது. ஓர் இரவாவது தங்குங்கள். ஊர் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பகலில் வெயில் கொளுத்தினாலும் இரவுக்கு மேல்சட்டை வேண்டும்.

நம்மவர்கள் சாப்பாட்டில் சறுக்குவார்கள். மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்பின். ஏழு மணிக்குப் பசியோடு போனால் பல உணவகங்களில் அடுப்பே எரியாது. பாரில் பிஞ்சோ எனும் சிறு தீனி கிடைக்கும். மரக்கறி உணவுக்காரர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. ஹாம் எனும் பன்றித்தொடைத் துண்டுகளையும் சூரை மீனையும் அங்கே சிலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். ஓர்னாசோ என்ற ஊர்ப் பலகாரம் பார்க்க ரொட்டி மாதிரிதான் இருக்கும், உள்ளே முழுக்கப் பன்றி இறைச்சி. எதையும் விலக்காதவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.