கொழுப்பு எப்படி எரிகிறது? ஒரு தாளும் கத்தரிக்கோலும் போதும்

இளைத்தவர் உடம்பிலிருந்த கொழுப்பு எங்கே போனது? வியர்வையாக வடிந்துவிட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை, அதில் பெரும்பங்கு மூச்சு வழியாகப் போயிருக்கிறது. கையால் செய்து பார்த்தால் எளிதில் புரியும்.

படி 1: தாளில் மூன்று பல் உள்ள சீப்பு ஒன்றை வரையுங்கள். கைப்பிடி கிளிசரால், பற்கள் கொழுப்பு அமிலங்கள். ஒவ்வொரு பல்லிலும் வரிசையாக 16 புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி ஒரு கார்பன் அணு. பாமாயிலில் நிறைய இருக்கும் பால்மிடிக் அமிலத்துக்கு இதே 16தான். தொப்பையில் சேர்ந்து கிடப்பவை இந்த மாதிரிச் சீப்புகளே.

படி 2: பற்களைக் கத்தரித்துப் பிரியுங்கள். உடம்பில் இது நொதிகளின் வேலை. சாப்பிட்டவுடன் இன்சுலின் ஏறி அவற்றை அடக்கி வைக்கும். சில மணி நேரம் கழித்து அது இறங்கியதும் வேலை சூடுபிடிக்கும். நடந்தால் அட்ரினலினும் துணைக்கு வரும்.

படி 3: பிரிந்த பல் ரத்தத்தில் கரையாது. அல்புமின் என்ற புரதம் அதைச் சுமந்துபோய்த் தசையில் சேர்க்கும். அங்கே கார்னிடைன் என்ற பொருள் அதை, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோகும்.

படி 4: இப்போது ஒரு பல்லை இரண்டிரண்டு புள்ளியாக வெட்டுங்கள். 7 வெட்டு, 8 துண்டு. உடம்பும் இப்படித்தான் வெட்டுகிறது. இதைக் கண்டுபிடித்த கதை அருமையானது. 1904-இல் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் நூப், கொழுப்பு அமிலத்தின் வால் நுனியில் உடம்பால் உடைக்க முடியாத ஒரு வளையத்தைக் கோத்து நாய்களுக்குக் கொடுத்தார். சிறுநீரில் அந்த வளையம் எந்த மிச்சத்தோடு வருகிறது என்று பார்த்தார். கார்பன் எண்ணிக்கை இரட்டைப்படையானால் ஒரு பொருள், ஒற்றைப்படையானால் வேறொரு பொருள். உடம்பு இரண்டிரண்டாகத்தான் நறுக்குகிறது என்று இதிலிருந்தே ஊகித்துவிட்டார்! அணுக்கள் உடம்பில் எங்கே போகின்றன என்று பின்தொடர உதவும் கதிரியக்கக் குறியீடுகள் வராத காலம் அது.

படி 5: ஒவ்வொரு துண்டும் கிரெப்ஸ் சுழற்சி என்ற வேதிவினைத் தொடருக்குள் போகும். கார்பன் கார்பன் டை ஆக்சைடாகும், ஹைட்ரஜன் தண்ணீராகும். ஒரு பல்லுக்குச் சுமார் 106 ஏடிபி, அதாவது செல்கள் ஆற்றலுக்குச் செலவழிக்கும் மூலக்கூறு, கிடைக்கும். தசை ஓடுவது அதில்தான்.

படி 6: கணக்கைப் பாருங்கள். 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால், அந்த 10 கிலோவில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகும், 1.6 கிலோ தண்ணீராகப் போகும்.

சரி, அப்படியானால் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்குமா? இளைக்காது, தலைதான் சுற்றும். தசை ஏடிபியைச் செலவழித்தால்தான் அடுத்த பல் வெட்டப்படும். எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.