கைக்கடக்கமான லேசர் ஸ்கேனர்: கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள்

லேசர் புள்ளியை வேகமாக ஓடவிட்டுச் சுவரில் ஓர் உருவம் வரைய வேண்டும், முழுக் கருவியும் ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்க வேண்டும். இந்த ஆசையில் தொடங்கிய வேலை இப்போது என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்டுயினோவும் சாலிடரிங்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். அவற்றை இங்கே விளக்கவில்லை.

லேசர் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்பு லேசர் போதும். இருட்டறையில் அது நன்றாகவே தெரியும். கருவி நடுவில் நின்றுவிட்டால் மொத்த ஒளியும் ஒரே இடத்தில் விழும், அந்த இடத்தில் யாருடைய கண்ணும் இருக்கக் கூடாது.

படி 1: கண்ணாடி

நான் பயன்படுத்துவது கால்வோ. ஒரு சிறு மோட்டார், அதன் தண்டின் நுனியில் கண்ணாடி, பின்புறம் கோணத்தை அளக்கும் சென்சார். முழுச்சுற்று சுற்றாது, சில பாகை மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பும். ஒன்று ஒளியைப் பக்கவாட்டில் (எக்ஸ்) அசைக்கும், இன்னொன்று மேலும் கீழும் (ஒய்), ஆக இரண்டு கால்வோக்கள் வேண்டும். 1858இல் அட்லாண்டிக் கடலடித் தந்தியின் மெலிந்த மின்னோட்டத்தைப் படிக்க வில்லியம் தாம்சன் சின்னக் காந்தத்தில் கண்ணாடியை ஒட்டினார். அங்கே ஒளியின் அசைவு மின்னோட்டத்தைக் காட்டியது. இங்கே மின்னோட்டத்தைக் கொடுத்து ஒளியை அசைக்கிறோம்.

வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கண்ணாடியின் அளவு. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பாதியாக்கினால் நிலைமத் திருப்புத்திறன் (திருப்பலைக் கண்ணாடி எதிர்க்கும் அளவு) 32இல் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் முடிந்தவரை சிறிதாக்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி சிறுத்தால் கற்றையும் சிறுக்க வேண்டும், கற்றை சிறுத்தால் விளிம்பு விளைவால் (நெருக்கிய ஒளி தானே பரவுவதால்) அது அதிகமாக விரியும். விரியும் கோணம் ரேடியனில், ஏறத்தாழ 1.27 × அலைநீளம் ÷ கற்றையின் விட்டம். 650 நானோமீட்டர் சிவப்பில் 3 மில்லிமீட்டர் கற்றை 0.28 மில்லிரேடியன் விரியும், 1 மில்லிமீட்டர் கற்றை 0.83. ஒளி 20 பாகை வீச்சில் ஓடினால் முதலாவதில் சுமார் 1,270 தனித்தனிப் புள்ளிகள் கிடைக்கும், இரண்டாவதில் 420 மட்டுமே. எத்தனை புள்ளிகள் தேவை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் போதுமான மிகச் சிறிய கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒளி 45 பாகையில் விழுவதால் 3 மில்லிமீட்டர் கற்றைக்குக் கண்ணாடியின் நீளம் குறைந்தது 4.3 மில்லிமீட்டர் வேண்டும். இரண்டாவது கண்ணாடி இன்னும் நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் முதல் கண்ணாடி திருப்பிய ஒளி அதன்மேல் அங்குமிங்கும் நகரும். இரண்டையும் எவ்வளவு நெருக்கி வைக்கிறீர்களோ அவ்வளவு இந்தக் கூடுதல் நீளம் குறையும். கருவி கச்சிதமாவதும் வேகமாவதும் இங்கே ஒன்றாக நடக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டி ஒட்டாதீர்கள். அதில் பூச்சு பின்பக்கம் இருப்பதால் புள்ளி இரண்டாகத் தெரியும். முன்பக்கப் பூச்சுள்ள கண்ணாடிதான் வேண்டும்.

சிலிக்கன் சிப்பிலேயே செதுக்கப்பட்ட மெம்ஸ் கண்ணாடிகள் இதைவிடச் சிறியவை, வேகமானவை. ஆனாலும் முதல் கருவிக்குக் கால்வோவையே பரிந்துரைப்பேன். மெம்ஸ் தன் ஒத்ததிர்வில் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும், கை பட்டாலே போய்விடும்.

படி 2: ஆர்டுயினோவிலிருந்து டிரைவருக்கு

என்னைத் தடுக்கி விழவைத்த படி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கால்வோ டிரைவருக்கு (கால்வோவுக்கு மின்னோட்டம் தந்து கோணத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) −5 முதல் +5 வோல்ட் வரை வேண்டும். ஆர்டுயினோ அனுப்பும் எண்ணை மின்னழுத்தமாக்கும் எம்சிபி4822 என்ற 12 பிட் சிப் தருவது 0 முதல் 4.096 வோல்ட். நடுவிலுள்ள 2.048ஐக் கழித்து, மீதியை 2.4 மடங்காக்க வேண்டும். இந்தக் கழித்தலையும் பெருக்கலையும் செய்ய ஒரு டிஎல்082 ஆப் ஆம்ப் சிப், ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு 10 கிலோ ஓம், இரண்டு 24 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். ±4.9 வோல்ட் வந்துவிடும். சுற்று எளியதுதான்.

அந்த நடு மின்னழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது? நான் 5 வோல்ட் லைனில் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டுப் பாதியாக்கி, அதையே இரண்டு அச்சுகளுக்கும் கொடுத்தேன். சுவரில் சதுரம் வரையச் சொன்னால் சாய்சதுரம் வந்தது. ஒரு மூலைவிட்டம் மற்றதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. கண்ணாடி கோணலாகப் பொருந்தியிருக்கிறது என்று நம்பி இரண்டு வார இறுதிகள் திருகாணிகளைத் திருகினேன்.

கோளாறு மின்சுற்றில் இருந்தது. அந்தப் பாதியாக்கும் இணைப்புக்கு 5 கிலோ ஓம் உள்தடை உண்டு. எக்ஸ் மாறும்போது அதன் ஆப் ஆம்ப் இழுக்கும் மின்னோட்டம் நடு மின்னழுத்தத்தையே நகர்த்துகிறது, அது ஒய்யையும் சேர்த்து நகர்த்துகிறது. கூடவே யூஎஸ்பி லைனின் இரைச்சலும் சேர்ந்து படம் நடுங்கியது. அதற்குப் பதில், மாறாத மின்னழுத்தம் தரும் எல்எம்4040 சிப்பின் 2.048 வோல்ட் வகையைப் போட்டேன். சாய்வும் நடுக்கமும் ஒரே நாளில் போயின.

கால்வோவை இணைக்கும் முன்பே ஆஸிலாஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் (ஒரு சிக்னல் புள்ளியைப் பக்கவாட்டிலும் மற்றது மேலும் கீழும் நகர்த்தும்) வைத்து அந்தச் சதுரத்தைப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். திரையிலேயே சாய்ந்திருந்தால் கண்ணாடியின்மேல் பழி இல்லை. பழைய அனலாக் ஸ்கோப் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். இந்த வேலைக்கு விலை உயர்ந்த டிஜிட்டல் ஸ்கோப்பைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது.

படி 3: இணைப்பும் சூடும்

கால்வோக்களை அலுமினியக் கட்டையில் இறுக்கமாகப் பொருத்துங்கள், அவை நன்றாகச் சூடாகும். டிரைவரின் அமைப்பை மாற்றும் டிரிம்பாட் என்ற சிறு திருகுகளைத் தொடும் முன் அவற்றின் நிலையை மார்க்கரால் குறித்துவிடுங்கள். கண்ணாடியை மாற்றினால் பழைய அமைப்பு பொருந்தாது. கால்வோ கீச்சென்று கத்தினால் யோசிக்காமல் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

படி 4: புள்ளிகளை அனுப்புதல்

நான்கு மூலைகளை மட்டும் அனுப்பினால் சதுரம் வராது. கண்ணாடி தாவ முயன்று, இலக்கைத் தாண்டி, திரும்பி வரும். கோட்டை இருபது முப்பது சிறு புள்ளிகளாக உடையுங்கள், மூலையில் ஒரே புள்ளியை நாலைந்து முறை அனுப்பிக் கண்ணாடி நிற்க நேரம் கொடுங்கள்.

கால்வோ வந்த பெட்டியில் நொடிக்கு 30,000 புள்ளிகள் என்று போட்டிருக்கும். லேசர் காட்சித் துறையின் சங்கமான இல்டாவின் சோதனைப் படத்தை வைத்து அளக்கும் அந்த எண் 8 பாகை வீச்சுக்கு உரியது. படத்தைப் பெரிதாக்கினால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

பின் சேர்ப்பு: பின்னூட்டத்தில் ஒருவர், எழுத்துகளுக்கு நடுவே லேசரை அணைத்தாலும் மெல்லிய வால் தெரிகிறது என்று கேட்டிருந்தார். என் கருவியிலும் அது இருந்தது, கவனிக்காமல் விட்டிருக்கிறேன். லேசர் உடனே அணைந்துவிடும், கண்ணாடியோ கட்டளைக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். ஆகவே லேசரின் கட்டளையை மட்டும் சில புள்ளிகள் தாமதப்படுத்துங்கள். நொடிக்கு 20,000 புள்ளி வேகத்தில் ஒரு புள்ளி என்பது 50 மைக்ரோ நொடி. என் கருவிக்கு 5 புள்ளித் தாமதம் சரியாக வந்தது. உங்களுக்கு எத்தனை என்பதை அறிய, இடைவெளி விட்ட கோடுகளை வரைந்து, ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டிக்கொண்டே போய் முனைகள் எப்போது சுத்தமாக வெட்டுப்படுகின்றன என்று பாருங்கள்.